லண்டன் அக்காவின் பிஸ்கட் டின்

அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்.

லண்டன் அக்காவின் மகள். டாக்டர். நியூ ஜெர்சி வெஸ்ட் வின்ட்சரில் அவர் வீடு, அவர் மேசை.

மெஸ் ஓனர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

என் மகள். எட்டு வயது. கால் தரையைத் தொடவில்லை. ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் அம்மா. நேரில் வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்திருந்தோம்.

நான்.

அக்கா இல்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது. அவருடைய பிஸ்கட் டின் மட்டும் இருந்தது. சதுர டின். மூடியில் குதிரை வண்டிப் படம். குதிரையின் கால்கள் துருவில் போயிருந்தன. மூடி மேல் ஒரு டேப் ஒட்டி அதில் என் பெயரை எழுதியிருந்தார்.

என் பெயரை எங்கே பார்த்தாலும் எனக்கு மறைக்கத்தான் தோன்றும். அன்றும் டேப் மேல் கை வைத்து மறைத்தேன்.

அமெரிக்காவில் இருக்க எனக்குக் காகிதம் இல்லை. இதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. எனக்கு விருதுநகர் பக்கம் ஊர். எட்டாவது வரை படிப்பு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் என்னை நியூ ஜெர்சிக்குக் கூட்டி வந்தது. ஒரு வருடத்தில் அவர்கள் திரும்பிப் போனார்கள். நான் போகவில்லை. போக இடம் இல்லை. எடிசனில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கேதான் அக்காவைப் பார்த்தேன். ஜூன் மாதம். நான்கு அடுப்பும் எரிகிறது. ஒருவர் முழங்கால் வரை தொங்கும் குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய வயது. நெற்றியில் வியர்வை. கோட்டைக் கழற்றவில்லை.

ஓனர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"என்ன மகாராணி, ரொம்பக் குளிருதோ?"

"குளிர் இல்லைத் தம்பி. பயமாக் கிடக்கு."

சிரிக்காமல் சொல்வார். கையும் நிற்காது.

அந்தக் கோட்டின் உள்பையில் அவருடைய பாஸ்போர்ட், கிரீன் கார்டு, மருந்துச் சீட்டு எல்லாம் இருந்தன. ஓட வேண்டி வந்தால் கோட்டைத் தேட நேரம் இருக்காது என்பார். யாழ்ப்பாணத்துக்காரர் என்று தெரிந்ததும் நாங்கள் எல்லோரும் ஒன்றையே நினைத்தோம். சண்டை பார்த்த பயம்.

ஒரு நாள் நானே கேட்டேன்.

"ஊர்ல குண்டு போட்டதைப் பாத்தீங்களாக்கா?"

"நான் எங்க பார்த்தன்? சண்டை துவங்க முன்னமே கலியாணம் கட்டி லண்டனுக்குப் போயிட்டன். நாப்பது வருசத்துக்கு மேல அங்க. மகள் டாக்டரா இஞ்ச வந்த பிறகுதான் நானும் வந்தன். என்ர பயமெல்லாம் இங்கிலீஷ் பயம், பிள்ளை. வெள்ளைக்காரரிட்டப் படிச்சது."

எனக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரன் என்றால் நான் படித்த பாடப் புத்தகத்தில் தொப்பியும் குதிரையும் துப்பாக்கியும்தான். நம்மைப் பயமுறுத்தியவன். அவன் பயந்தான் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

மெஸ்ஸில் ஆள் உள்ளே போய் நிற்கும் அளவுக்கு ஒரு கூலர் உண்டு. மாவும் காய்கறியும் அதில்தான். கூலர் கதவில் ஓர் அட்டை தொங்கும். அதில் மாதத்துக்கு ஒரு தாள். தினமும் காலையில் உள்ளே எத்தனை டிகிரி ஃபாரன்ஹீட் என்று பார்த்து எழுத வேண்டும். நாற்பத்தொன்றுக்கு மேல் போகக் கூடாது. சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார். பார்த்தவர் பெயரும் அதில் போட வேண்டும். காலையில் முதலில் வருவது நானும் அக்காவும். பார்த்து எழுதுவது என் வேலை.

டிகிரியை எழுதினேன். பெயர் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது ஆர்?"

"புள்ளிக்கா."

"புள்ளியோ வந்து கூலரைத் திறந்து பார்த்தது?"

"பேரு வேணாம்க்கா. மாட்டிக்குவேன்."

"எழுதாட்டித்தான் மாட்டுவாய். இப்ப இல்லை. ஒரு நாள் கேப்பினம். நீ இஞ்ச இருந்தனியோ, எப்ப இருந்தனி, ஆர் கண்டது எண்டு கேப்பினம். அப்ப புள்ளியைக் காட்டுவியோ?"

"யாருக்கா கேப்பாங்க?"

"அது அப்பதான் தெரியும்."

கூலர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். உள்ளே இட்லி மாவு. வெளியே ஏழு மணிக்கு ஆள் வந்துவிடும். எழுதினேன். தமிழில். முழுப் பெயர். மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும்.

எனக்கு ஒரு வழி இருந்தது. எங்கேயும் பெயரை விடக் கூடாது. லைப்ரரி அட்டை இல்லை. வீட்டு அழைப்பு மணியில் பெயர் இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட சுவாமி பேருக்கே செய்யச் சொல்வேன். காற்று மாதிரி இருந்துவிட்டால் யாரும் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். அக்காவின் வழி நேர் எதிர். அவருக்குக் காகிதத்தில் இல்லாத ஆள் ஆளே இல்லை.

மூன்று மாதத்துத் தாள்கள் சேர்ந்ததும் குப்பையில் போட்டுவிடச் சொல்வார் ஓனர். அக்கா அவற்றை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வார். "குப்பையையும் லண்டனுக்கு அனுப்புவீங்களோ?" என்பார் ஓனர். எல்லோரும் சிரிப்போம்.

வெங்காயம் உரிக்கும்போது அக்கா சொல்வார். வரிசையாகச் சொல்ல மாட்டார். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்வார்.

அவர் போன புதிதில் நிலக்கரி வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்தினார்களாம். கரண்ட் போய்விட்டது. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு விளக்கு அணையும் என்று பேப்பரில் போடுவார்களாம். அந்தப் பேப்பர்த் துண்டை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துப் பார்த்துச் சமைத்தாராம்.

"நாட்டையே ஆண்டவங்க. மெழுகுவத்தியா ஏத்துனாங்க?"

"ஆண்டது ஆர்? கொஞ்ச வீட்டுக்காரர். மிச்சச் சனம் கட்டிலில கோட்டோட படுத்ததுகள். எங்கட வீட்டுக்காரக் கிழவி என்னைவிட நடுங்கும்."

அந்தக் கிழவி வெள்ளைக்காரி. அக்காவும் புருஷனும் அவள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவளிடம்தான் இந்தப் பிஸ்கட் டின் இருந்தது. அவள் அம்மா கொடுத்த வாடகையின் ரசீதிலிருந்து எல்லாம் அதற்குள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ரசீது. வீட்டுக்காரனே செத்துப்போயிருந்தான். இதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று அக்கா கேட்டாராம். கிழவி கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாளாம், என்னைக் கொண்டுபோக வந்தால் காட்ட வேண்டாமா என்று.

எங்கே கொண்டுபோவது என்று பிறகுதான் தெரிந்ததாம்.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார். பெரிய செங்கல் கட்டடம். கிழவிக்கு ஒரு நாள் மூச்சு நின்றுபோகிற மாதிரி வந்தது. ஆம்புலன்ஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கட்டடத்தைப் பார்த்ததும் கிழவி கத்தினாளாம். மூச்சே இல்லாதவள் எங்கிருந்து கத்தினாள் என்று தெரியாது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.

"அந்தக் கட்டடம் முந்தி ஏழையளைப் போட்டு அடைக்கிற இடம், பிள்ளை. வீடு இல்லாட்டி, வேலை இல்லாட்டி அங்கதான். வாசலிலயே தாயை ஒரு பக்கம், தகப்பனை ஒரு பக்கம், பிள்ளையளை ஒரு பக்கமாப் பிரிச்சுப்போடுவினம். இவவின்ர தாய் சின்னப் பிள்ளையா அதுக்குள்ள போனவ. தம்பியைப் பேந்து காணேல்லை. எப்பவோ மூடியாச்சு. பேரை மாத்தி ஆஸ்பத்திரி ஆக்கியாச்சு. சும்மா மருந்து குடுப்பினம், சாப்பாடு குடுப்பினம். கிழவிக்கு அது விளங்கேல்லை. கட்டடம் அதே கட்டடம்தானே."

"உள்ள போனாங்களா?"

"கொண்டுபோனம். மூண்டாம் நாள் செத்துப்போச்சுது. நல்ல வடிவாப் பார்த்தினம். ஆனா பயத்தில செத்தது. தன்ர பிஸ்கட் ரின்னை எனக்குத் தந்தது."

வெங்காயத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இதைச் சொன்னார். நான் அன்று இரண்டு முறை பின்கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

இன்னொரு நாள் அந்த ஆஸ்பத்திரி துடைக்கிற வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்த கதை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி ஆள். திங்கட்கிழமை கம்பெனி ஆள். அதே துடைப்பான், அதே வராந்தா. நேரம் பாதி. அதுவரை செய்த பதினொரு வருடமும் எழுதப்படவில்லை, புதிதாகச் சேர்ந்தவர் என்று போட்டார்களாம். அக்கா மட்டும் பழைய ஆஸ்பத்திரிப் பெயர்ப் பட்டையையும் சம்பளச் சீட்டுகளையும் கொண்டுபோய் மேசையில் போட்டிருக்கிறார். அவருக்கு மட்டும் பதினொரு வருடம் திரும்பக் கிடைத்தது. கூட வேலை செய்த வெள்ளைக்காரிகள் எட்டுப் பேருக்குக் கிடைக்கவில்லை.

"அவையும் என்னை மாதிரித்தான் துடைச்சவை. கடுதாசியை எறிஞ்சுபோட்டினம். அவ்வளவுதான்."

ஆனால் அக்காவைக் கோட்டோடு தூங்க வைத்தது இவை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மனிதர்தான். அவரைப் பற்றி ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அவர் ஜமைக்காவிலிருந்து வந்தவர். பஸ் கண்டக்டர். சின்னப் பிள்ளையில் அம்மாவோடு கப்பலில் வந்தவர். அப்போது அது எல்லாம் ஒரே ராஜ்யம். யாரும் காகிதம் கேட்கவில்லை. நாற்பத்தைந்து வருடம் அந்த ஊரில் டிக்கெட் கிழித்தார். வரி கட்டினார். ஓட்டுப் போட்டார். அரசியின் படம் அவர் வீட்டு அடுப்பு மேல் மாட்டியிருக்கும். ஓய்வு பெறுகிற வயதில் ஒரு கடிதம் வந்தது. நீ இங்கே இருந்ததற்கு வருடத்துக்கு நான்கு காகிதம் காட்டு.

"ஒவ்வொரு வருசத்துக்கும் நாலு, பிள்ளை. நானும் அவரும் என்ர சாப்பாட்டு மேசையில இருந்து தேடினம். பள்ளிக்கூடத்துக்குப் போனம். பள்ளிக்கூடம் இல்லை. கப்பலில வந்த பதிவு எங்க எண்டால், இடம் காணாது எண்டு எறிஞ்சாச்சாம். பஸ் டிப்போவுக்குப் போனம். அதை ஆரோ வாங்கி, வாங்கினவன் இன்னொருத்தனுக்கு வித்து, பழைய பேப்பரெல்லாம் கொளுத்தியாச்சு. கடைசியில மூண்டு வருசம் மட்டும் வெறுமையா நிண்டுது."

"மூணு வருஷம்தான? மத்ததெல்லாம் இருந்துச்சுல்ல?"

"அந்த மூண்டு வருசம் நீ எங்க போயிருந்தாய் எண்டு கேட்டினம்."

"எங்க போயிருந்தாரு?"

"பஸ்ஸில நிண்டு டிக்கெட் கிழிச்சவர். எனக்கே கிழிச்சுத் தந்தவர்."

கத்தியைக் கீழே வைத்தார். அவர் கத்தியைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் அந்தச் சீட்டுகளை எறிஞ்சுபோட்டன்."

அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டுபோனார்களா, விட்டார்களா என்று கேட்டேன். அக்கா எழுந்து போய்க் கூலர் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு வந்தார்.

நான் அந்த மெஸ்ஸில் சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை. மார்ச் முப்பதாம் தேதி. காய்கறி வண்டிக்காரர் பின்கதவு வழியாகத் தலையை நீட்டினார்.

"ரெண்டு கடை தள்ளிக் கறுப்பு வண்டி நிக்குதும்மா. இமிக்ரேஷன் போல. எல்லாரையும் பேரு கேக்கிறாங்களாம்."

அப்போது நான் கூலர் பக்கம் நின்றிருந்தேன். அட்டையில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மூன்று தாளிலும் மேலிருந்து கீழ் வரை என் பெயர். யாரோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மூன்றையும் உருவினேன். கிழித்தேன். அரிசி களைந்த தண்ணீர் ஒரு வாளியில் இருந்தது. அதில் போட்டுக் கையால் பிசைந்தேன். கூழாகும் வரை பிசைந்தேன். பிறகு கூலருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளே மாவு டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். பல் அடிக்கிற சத்தம் வெளியே கேட்குமோ என்று பயம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல் மடங்கவில்லை.

கதவைத் திறந்தது அக்கா.

"வா வெளியில. தண்ணிக் குழாய் பார்க்க வந்தவையாம்."

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கோட்டைக் கழற்றினார். என் மேல் போட்டார். கோட்டு இல்லாமல் அவர் ரொம்பச் சின்ன ஆளாக இருந்தார். அப்போதுதான் வெறும் அட்டையைப் பார்த்தார்.

"கிழிச்சுப்போட்டியோ?"

"ஆமாக்கா."

"மூண்டும்?"

"மூணும்."

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூண்டு மாசம் நீ செத்துப்போனாய், பிள்ளை."

மறுநாள் மார்ச் முப்பத்தொன்று. நான் வரும்போது அட்டையில் ஒரு புதுத் தாள் இருந்தது. மேலே மார்ச் என்று எழுதி வருடமும் போட்டிருந்தார். முப்பது வரிகளும் வெறுமை. கடைசி வரியில் விரல் வைத்தார்.

"எழுது."

"நாளைக்கு ஏப்ரல் தாள் போடப் போறோம். இன்னிக்கு ஒரு நாளைக்காக ஒரு தாளாக்கா?"

"ஒரு நாளும் நாள்தான்."

"விடுங்கக்கா. நேத்துப் பட்டது போதும்."

"போதாது. எழுது."

எனக்குக் கோபம். நான் பயத்தில் செத்துப் பிழைத்திருக்கிறேன், இவருக்குத் தாள் முக்கியமா? முப்பத்தெட்டு டிகிரி என்று எழுதினேன். பெயரை அழுத்தி எழுதினேன். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அக்கா கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் கிழிக்கவில்லை. பயம் போனதால் இல்லை. அக்கா நிற்பதால் எழுதினேன். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அவள் அப்பா அவள் பிறக்கும் முன்பே டெக்சாஸ் போனவர். போனவர்தான். அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் முன் குழந்தை கையில் கட்டிய பெயர்ப் பட்டையைப் பார்த்தார். "இதை எறியாதை" என்றார்.

வருடங்கள் போயின. ஓனர் மகாராணி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு பிரிட்டிஷ் கவர்ன்மென்ட் என்று கூப்பிட ஆரம்பித்தார். அக்கா ஜூன் மாதத்திலும் கோட்டைக் கழற்றவில்லை.

போன வருடம் செப்டம்பரில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு போய்விட்டது. வலது கையும் போய்விட்டது.

அக்டோபரில் இன்னொரு கறுப்பு வண்டி. இந்த முறை நிஜம். மெஸ் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் வழிமறித்தார்கள். பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். அன்று ராத்திரிக்குள் விட்டார்கள். எங்கே போகிறேன் என்று காட்டுகிற பட்டை ஒன்றைக் காலில் கட்டி, கோர்ட் தேதி போட்ட காகிதத்தைக் கையில் கொடுத்து விட்டார்கள்.

வக்கீல் அம்மா சென்னைக்காரர். சுற்றி வளைக்கவில்லை.

"ஒரு வழிதான் இருக்கு. பொண்ணு இங்க பொறந்தவ, ஆஸ்துமா வேற. அதைக் காட்டலாம். ஆனா முதல்ல, பிடிச்ச நாளுக்கு முன்னாடி பத்து வருஷம் நீங்க விடாம இங்கயே இருந்தீங்கன்னு ப்ரூவ் பண்ணணும். மாசத்துக்கு ஒரு பேப்பர். என்ன இருக்கு?"

மகள் பிறந்த பிறகு கொஞ்சம் இருந்தது. ஊசி அட்டை, ஸ்கூல் தாள். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. காற்று மாதிரி இருந்தேன் இல்லையா? காற்றுக்கு ஏது ரசீது?

"நடுவுல தொண்ணூறு நாளுக்கு மேல காலியா விட்டீங்கன்னா, அப்ப ஊருக்குப் போயிட்டு வந்தீங்கன்னு கவர்ன்மென்ட் வக்கீல் சொல்லுவார். அங்கருந்து மறுபடி எண்ணச் சொல்லுவார். பத்து வராது. தொண்ணூறுன்னா நான் ஃபைட் பண்ணுவேன். தொண்ணூத்தொண்ணுன்னா கஷ்டம்."

அக்காவைப் பார்க்கப் போனேன். கால் பட்டையைக் காட்டினேன். அவருக்கு எல்லாம் கேட்டது. இடது கையால் என் கையைப் பிடித்தார். உள்ளங்கையில் விரலால் எழுதினார். மறுபடி மறுபடி எழுதினார். கையெழுத்துப் போடுகிற மாதிரி. அன்றைக்குக் கூலர் தாளில் எழுதினாயா என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

"எழுதிட்டேன்க்கா" என்றேன்.

தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று. கண்ணில் தண்ணீர். எனக்குப் புரியவில்லை. ஜனவரியில் இறந்துபோனார்.

அவர் மகள் அலமாரியை ஒழிக்கும்போது டின் கிடைத்திருக்கிறது. என் பெயரைப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அதனால்தான் அந்த மேசை. அதனால்தான் நாங்கள்.

மூடி லேசில் திறக்கவில்லை. ஸ்பூனால் நெம்பித் திறந்தார். மேலே இங்கிலாந்து. விளக்கு அணைகிற நேரம் போட்ட பேப்பர்த் துண்டு. கிழவியின் வாடகைப் புத்தகம். ஆஸ்பத்திரிப் பட்டை. ஒரே ஒரு பஸ் டிக்கெட். அக்காவின் மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அம்மா இதொண்டும் எனக்குச் சொல்லேல்லை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடியில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். வருடத்துக்கு ஒன்று. மடித்த தாள்கள். பழைய எண்ணெய் வாசனை. கூலர் தாள்கள்.

எல்லாத் தாளிலும் நான் இருந்தேன்.

என் உள்ளங்கையைப் பார்த்தேன்.

வக்கீல் அம்மா போனிலிருந்து, "எண்ணுங்க, சீக்கிரம் எண்ணுங்க" என்றார். பிடிபட்ட மாதத்திலிருந்து பின்னால் பத்து வருடம் எண்ணினோம். அக்கா படுத்த பிறகான கடைசி மாதங்களுக்கு மகளின் ஸ்கூல் தாள்களைச் சேர்த்துக்கொண்டோம். மகள்தான் எண்ணினாள்.

"ஒன் செவன்டீன், அம்மா. ஐ கவுன்டட் ட்வைஸ்."

"நூத்தி இருபது வேணும். எந்த மாசம் இல்ல?" என்றார் வக்கீல்.

எனக்கு எண்ணாமலே தெரியும். "ஜனவரி, பிப்ரவரி, மார்ச்" என்றேன்.

"மூணும் சேர்ந்தாப்லயா? என்ன ஆச்சு அந்தத் தாள்?"

"நான்தான் கிழிச்சேன்."

போனில் முப்பத்தொன்றும் இருபத்தெட்டும் முப்பத்தொன்றும் கூட்டுகிற முணுமுணுப்பு. பிறகு மெதுவாக, "அது தொண்ணூறு நாள். எட்ஜ். பட் ஓகே" என்றார்.

மகள் அக்கா மகளின் போனில் காலண்டரைத் திறந்திருந்தாள்.

"நோ, அம்மா. தட் வாஸ் அ லீப் இயர். நைன்டி ஒன்."

ஓனர் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். "எதா இருந்தாலும் என் கடை தாள்னு நான் எழுதிக் குடுத்தாத்தானே செல்லும்? குடுத்தா என்னையும் கேப்பாங்க" என்றார். அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பத்து வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

"இன்னும் ஒரு தாள் இருக்கு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"ஒரு நாளைக்கு மட்டும் எழுதின தாள். அக்கா வச்சிருப்பாங்க."

அந்த வருடக் கட்டைப் பிரித்தேன். இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி உதறினேன். இல்லை. கூலரில் இருந்த மாதிரி விரல் மடங்கவில்லை. மகள் ஏப்ரல் தாளை என்னிடமிருந்து வாங்கினாள். ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். எண்ணெய்க் கறையில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன.

முப்பது வரி வெறுமை. கடைசி வரியில் முப்பத்தெட்டு டிகிரி. என் பெயர். பேனா கிழித்த இடத்தில் அக்கா பின்பக்கமாக டேப் ஒட்டியிருந்தார்.

ஓனர் கதவை விட்டு வந்தார். தாளைப் பார்த்தார். கார் சாவியை மேசை மேல் வைத்தார்.

"என் கடை தாள்தான்" என்றார். "பேனா குடுங்க."

"ஜட்ஜ் என்ன சொல்வார்னு நான் சொல்ல முடியாது" என்றது போன். "இப்ப எத்தனை நாள் காலி? கரெக்டா எண்ணிச் சொல்லுங்க."

மகள் விரல் விட்டு எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன்.

ஜனவரி முப்பத்தொன்று. பிப்ரவரி இருபத்தொன்பது. மார்ச் முப்பது.

தொண்ணூறு.